காலண்டர் படம் ஆகாமல் கேம்பிரிட்ஜின் இலையுதிர்காலத்தை எடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டது இது: படிப்புக்காகச் செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு வந்திருக்கிறீர்கள். கையில் ஒரு பழைய கேமரா, ஒரு 35 எம்எம் லென்ஸ், அப்புறம் போன். இலையுதிர்காலத்தை எடுக்க எந்த இடம், எந்த வாரம் சிறந்தது, புது லென்ஸ் வாங்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ஆட்களை எடுக்கத் தயக்கம் என்றும் சொல்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. "எடுக்கிறதெல்லாம் காலண்டர் படம் மாதிரி வருகிறது, தினமும் நான் பார்க்கிற ஊர் அதில் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இடங்களின் பட்டியலைக் கொடுத்தால் இன்னும் நாலு காலண்டர் படங்கள் சேரும், அவ்வளவுதான். அதனால் அந்தக் கடைசி வரிக்குப் பதில் சொல்கிறேன். இடமும் வாரமும் போகிற போக்கில் வந்துவிடும். நான் இந்த ஊரில் 11 இலையுதிர்காலங்களைப் பார்த்தவன். வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் சனி ஞாயிறுகளிலும் எடுத்த படங்கள்தான் என் அனுபவம். மரங்களைப் பற்றிச் சொல்வது படம் எடுப்பவனாகப் பார்த்துத் தெரிந்துகொண்ட அளவுக்குத்தான்.

முதலில், உறுதியாக நம்பக்கூடிய ஒன்று: வெளிச்சம். இங்கே இலையை நம்ப முடியாது, சூரியனை நம்பலாம். கேம்பிரிட்ஜ் வட அட்சரேகை 52 பாகைக்கு (டிகிரிக்கு) சற்று வடக்கே இருக்கிறது. அக்டோபர் முதல் தேதி நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேலே 35 பாகை உயரத்தில் நிற்கும். நவம்பர் முதல் தேதி 23 பாகை. நவம்பர் கடைசியில் வெறும் 16 பாகை. அதே நவம்பர் கடைசியில் சென்னையில் நண்பகல் சூரியன் 55 பாகையில் இருக்கும். இதற்கு நடைமுறையில் என்ன அர்த்தம் என்றால், நவம்பர் இறுதியில் நட்டநடுப் பகலில் ஆறடி ஆள் ஒருவரின் நிழல் 20 அடிக்கு மேல் நீளும். காலை ஒன்பதுக்கு மேல் மாலை நாலு வரை கேமராவைப் பையில் வை என்று நம் ஊரில் கற்றுக்கொண்ட பழக்கம் உங்களுக்கும் இருக்கும். அதை இங்கே விட்டுவிடுங்கள். மேகம் இல்லாத நவம்பர் பகல் முழுக்கச் சாய்ந்த வெயில்தான். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போதே, நம் ஊரில் மாலை ஐந்து மணிக்குக் கிடைக்கும் வெளிச்சம் தெருவில் கிடக்கும்.

இன்னொரு உறுதியான விஷயம் கடிகாரம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். முந்தின நாள் மாலை ஐந்தரை மணிக்கு மேல் மறைந்த சூரியன் அன்று நாலரை மணி வாக்கிலேயே மறைந்துவிடும். நவம்பர் கடைசியில் 3.50க்கே அஸ்தமனம். ஊரின் அன்றாட வாழ்க்கை ஒரே இரவில் இருட்டுக்குள் நகர்ந்துவிடுகிறது. பள்ளி விட்டு வருவதும் கடை கட்டுவதும் வேலை முடிந்து சைக்கிளில் போவதும் எல்லாம் அந்தி வெளிச்சத்தில் நடக்கின்றன. என்னைப் பொறுத்தவரை இந்த ஊரின் இலையுதிர்காலம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உண்மையில் தொடங்குகிறது. எந்த வாரம் என்று கேட்டீர்களே, அந்த ஞாயிறுக்கு முந்தின பத்து நாளும் பிந்தின பத்து நாளும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இலை நிறம் எப்போது உச்சத்துக்கு வரும் என்பதுதான் சந்தேகமான சங்கதி. பச்சையம் சிதையும்போது ஏற்கெனவே இலைக்குள் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது; அது ஏறக்குறைய எல்லா வருடமும் வந்துவிடும். சிவப்பு அப்படி இல்லை. அதை இலை புதிதாக உண்டாக்க வேண்டும், அதற்கு வெயிலான பகலும் குளிர்ந்த இரவும் ஒன்றாக அமைய வேண்டும். மேகமூட்டமான வருடங்களில் சிவப்பு மங்கிவிடும். ஒரு பெரிய காற்று வந்தால் இரண்டு நாளில் எல்லாம் தரையில். 2022ல் கோடை வறட்சி தாங்காமல் ஆகஸ்டிலேயே பல மரங்கள் இலையை உதிர்த்தன. அக்டோபர் படத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த மரங்களில் மொட்டைக் கிளைகள்தான் மிஞ்சின. குதிரைக் கஷ்கொட்டை (ஹார்ஸ் செஸ்ட்நட்) மரங்கள் கோடையிலேயே பழுப்பாகி நிற்பதைப் பார்த்து இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது இலைக்குள் சுரங்கம் தோண்டும் ஒரு சின்ன அந்துப்பூச்சியின் வேலை. 2002ல் லண்டனின் விம்பிள்டனில் முதலில் கண்டுபிடித்தார்கள், இப்போது இங்கிலாந்தின் பெரும்பகுதியில் இருக்கிறது. பொதுவாக இங்கே லைம் மரங்கள் (எலுமிச்சை அல்ல, லிண்டன்) முதலில் மஞ்சளாகும், பீச் (பழம் தரும் பீச் அல்ல) அப்புறம் செம்புநிறத்துக்கு வரும், ஓக்கும் பிளேனும் கடைசி. ஜீசஸ் கிரீன் பூங்காவில் 1913ல் நட்ட லண்டன் பிளேன் மர வரிசை இருக்கிறது. மற்ற இடங்கள் மொட்டையான பிறகும் நவம்பரில் அங்கே உள்ளங்கையைவிடப் பெரிய இலைகள் விழுந்துகொண்டிருக்கும்.

சரி, நிறம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து எல்லோரும் ஏமாறும் இடம் பின்னணி. இந்த ஊரின் பழைய தெரு வீடுகள், குறிப்பாக மில் ரோடு பக்கத்து 19ஆம் நூற்றாண்டு வரிசை வீடுகள், இந்தப் பகுதிக் களிமண்ணில் சுட்ட வெளிர்மஞ்சள் செங்கலால் கட்டியவை. கிங்ஸ் கல்லூரியின் வழிபாட்டுக் கூடமான சேப்பலும் வெளிறிய சுண்ணாம்புக் கல். மஞ்சள் இலையை வெளிர்மஞ்சள் சுவருக்கு முன்னால் வைத்தால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். சேப்பலும் மஞ்சள் மரமும் சேர்ந்த படம் எல்லோருக்கும் சப்பென்று வருவதற்கு இதுவே பாதிக் காரணம். மழை பெய்து கல் நனைந்து கருத்த பிறகு அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள், இலை தனியாக எழுந்து நிற்கும். இல்லாவிட்டால் சிவப்புச் செங்கலைத் தேடுங்கள்: 15ஆம் நூற்றாண்டுக் குவீன்ஸ் கல்லூரி, 1516ல் எழுந்த செயின்ட் ஜான்ஸ் கல்லூரி வாசல் கோபுரம். கிராமங்களில் இன்னும் எளிது. பெரும்பாலான தேவாலய முற்றங்களில் ஊசியிலை யூ மரம் ஒன்றாவது இருக்கும். வருடம் முழுக்கக் கறுப்பை ஒட்டிய பச்சை. அதன் முன்னால் வைத்தால் எந்த மஞ்சளும் விளக்கு போலத் தெரியும்.

இனி நீங்கள் தினமும் பார்க்கிற ஊர். என் யோசனை ஒன்றுதான்: ஐந்து இடங்களுக்கு ஒருமுறை போகாமல் ஒரே இடத்துக்கு ஐந்து முறை போங்கள். எனக்கு அந்த இடம் மிட்சம்மர் காமன் என்ற பொதுப் புல்வெளியின் ஓரத்தில் கேம் ஆற்றைக் கடக்கும் நடைபாலம். பக்கத்தில் ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் என்று ஒரு பழைய மதுக்கடை இருக்கிறது. சென்னைக் கோட்டையின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள் என்று சொல்வார்கள். முதல் தடவை அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அக்டோபரில் காலை ஏழு மணிக்கு முன்பே அந்தப் பாலத்தில் நின்று கிழக்கே, நீரோட்டம் போகும் திசையில் பாருங்கள். கல்லூரிகளின் படகுக் கொட்டகைகள் எதிர்க்கரையில் வரிசையாக இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் துடுப்புப் போடக் கற்கும் பருவம் இது. எட்டுப் பேரில் இருவர் துடுப்பு மட்டும் அரை நொடி தாமதமாக இறங்கும். கரையில் சைக்கிளை ஓட்டிக்கொண்டே ஒருவர் கத்திக்கொண்டு போவார். சூரியன் அவர்களுக்குப் பின்னாலிருந்து எழும். பின்னொளியில் அவர்கள் விடும் மூச்சு புகையாகத் தெரியும், துடுப்பிலிருந்து சொட்டும் நீர் ஒவ்வொரு துளியாகத் தெரியும். ஷட்டர் வேகம் 1/500 நொடியைவிட மெதுவாகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அந்தக் காலையில் ஆற்றின் மேல் ஆவி எழுந்தால் உங்கள் அதிர்ஷ்டம். மேகமில்லாத இரவு, காற்றே இல்லை, முந்தின நாள் மழை பெய்து நிலம் ஈரம் என்ற மூன்றும் சேர்ந்தால் புல்வெளியில் மூடுபனி படியும். ஆற்று நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருப்பதால் அதன்மேல் குளிர்ந்த காற்று படும்போது ஆவி தனியாக எழும். வானிலை அறிக்கை இதை அடிக்கடி தவறவிடுகிறது. நான் பத்து முறை எழுந்து போனால் நாலு முறை கிடைக்கும். மூடுபனியில் கேமரா சொல்வதைக் கேட்காதீர்கள். வெளிச்சத்தை அளக்கும் அதன் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும்; வெள்ளைப் பனி அழுக்குத் துணி நிறத்தில் வரும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்). போனில் எடுத்தால், அது தானாகவே நிழல்களைத் தூக்கி மாறுபாட்டைச் சேர்த்துப் பனியைத் துடைத்துவிடும். திரையில் தொட்டுப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள், உங்கள் போனில் ரா (போன் திருத்தாத மூலக் கோப்பு) வசதி இருந்தால் அதில் எடுங்கள்.

மிட்சம்மர் காமனில் வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை மாடுகள் மேயும். ரெட் போல் என்ற இனம், கொம்பு கிடையாது, நிறம் காய்ந்த மிளகாய்க்கும் செங்கல்லுக்கும் நடுவில். நகரத்தின் நடுவே, ஆபீசுக்குப் போகிறவர்கள் சைக்கிள் மணி அடித்து இவற்றை விலகச் சொல்லிக்கொண்டு போகும் காட்சி இங்கிலாந்தில் வேறு எத்தனை ஊரில் கிடைக்கும்! முதுகில் பனித்துளி முடிமுடியாக நிற்கும். படுத்திருந்த மாடு எழுந்தால் அந்த இடத்துப் புல் மட்டும் பனி படாமல் கரும்பச்சையாக, மாட்டின் வடிவத்திலேயே கிடக்கும். இதை ஒரே ஒரு வருடம்தான் சரியாக எடுத்தேன். குளிர் ஏறுவதற்குள் அவற்றைக் கொண்டுபோய்விடுவார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

என் முதல் வருடப் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் ஒரு குறை பளிச்சென்று தெரிகிறது. எல்லாவற்றிலும் வெயில் வெள்ளையாக இருக்கிறது. வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்சைத் தானியங்கியில் விட்டிருந்தேன். சாய்ந்த வெயிலின் பொன்னிறத்தைக் கேமரா பிழை என்று எடுத்துக்கொண்டு நீலத்தைச் சேர்த்துச் சமன்செய்துவிட்டது. பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் நிறுத்தி வைத்த பிறகுதான் நான் கண்ணால் பார்த்த நிறம் படத்தில் வந்தது. இன்னொன்று, ஆரஞ்சு இலைகளில் சிவப்பு நிறப் பதிவு மட்டும் தனியாக அளவு மீறி வழிந்துவிடும். வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தத்தில் சரியாக இருப்பதுபோல் காட்டும், ஆனால் இலை நரம்புகள் காணாமல் போய் ஒரே நிறப்பூச்சாக இருக்கும். மூன்றில் ஒரு ஸ்டாப், சில சமயம் மூன்றில் இரண்டு குறையுங்கள். போலரைசர் ஃபில்டரை நீல வானத்துக்கென்றுதான் பலர் வாங்குகிறார்கள். இங்கே அதற்கு வேலை நனைந்த இலையில்தான். இலைமேல் படிந்த ஈரத்தின் வெள்ளைப் பளபளப்பை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் நிறம் வெளிவரும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும், அதற்குக் கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள். 1600, 3200க்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

மழை என்றால் வெளியே போங்கள். இங்கிலாந்தில் மழை குறைந்த பகுதிகளில் இதுவும் ஒன்று. வருடத்துக்கு 600 மில்லிமீட்டர்கூடக் கிடையாது, வந்தாலும் பெரும்பாலும் தூறல்தான். மழை நின்ற மறு அரைமணி நேரம்தான் எனக்குப் பிடித்த நேரம். ரயில் நிலையத்தின் சைக்கிள் நிறுத்தத்தையோ கல்லூரி வாசல்களையோ கவனியுங்கள். சீட் நனையாமல் இருக்கக் கடைப் பிளாஸ்டிக் பையைக் கட்டிவைத்திருப்பார்கள். அதன் குழிவில் தேங்கிய நீரில் ஒரு மஞ்சள் இலை ஒட்டிக் கிடக்கும், பையின் காதைக் கையால் முடிச்சுப் போட்ட விதம் தெரியும், சொந்தக்காரர் யாரென்று தெரியாது. ஓர் அடி தூரத்தில் குனிந்து எடுங்கள். இந்த ஊர், இந்த மாதம், இங்கே வாழ்கிற ஒருவர் என்ற மூன்றும் அந்த ஒரு படத்தில் இருக்கும். இதற்குச் சேப்பல் தேவையில்லை.

மாலைக்கு மார்க்கெட் சதுக்கம். நவம்பர் பிற்பாதியில் சூரியன் மறைவதும் வியாபாரிகள் கடை கட்டுவதும் ஏறக்குறைய ஒரே நேரம். வரிவரியான துணிக் கூரைக்குக் கீழே மஞ்சள் பல்பு, மேலே நீல வானம், இரண்டும் ஒரே அளவு பிரகாசத்தில் இருக்கும் சில நிமிடங்கள் வரும். சென்னையில் சூரியன் மறைந்து 22 நிமிடங்களில் இந்த அந்தி முடிந்துவிடும். இங்கே 35 நிமிடங்களுக்கு மேல் நீள்வதால் நிதானமாக வேலை செய்யலாம். மீந்த பூசணிக்காய்களை வண்டியில் ஏற்றும் கைகளை எடுங்கள். நவம்பர் 5ஐ ஒட்டி மிட்சம்மர் காமனில் வழக்கமாக நடக்கும் வாணவேடிக்கைக்கும் இதுவே பொருந்தும். 1605ல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி முறிந்ததை நினைத்துக் கொண்டாடுகிறார்கள். வெடி எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால் வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, அப்பாவின் தோளில் உட்கார்ந்து மேலே பார்க்கும் முகங்களை எடுங்கள்.

கிராமங்களுக்கு நடந்தே போகலாம். கிராண்ட்செஸ்டர் வயல்வெளிப் பாதை எல்லோருக்கும் தெரியும். அழகுதான், ஞாயிறு மதியம் கூட்டமும்தான். எனக்கு மேற்கே கோட்டன் போகும் நடைபாதையும், ஆற்றோரமாகவே போய்ச் சேரும் ஃபென் டிட்டனும் அதிகம் கொடுத்திருக்கின்றன. அக்டோபரில் கிராமத்து வாசல்களில் ஒரு சின்ன மேசை போட்டு, தோட்டத்தில் மிஞ்சிய ஆப்பிள்களை வைத்திருப்பார்கள். கையால் எழுதிய அட்டை, காசு போட ஒரு தகரடப்பா, ஆள் யாரும் இல்லை. அட்டையில் எழுத்து மழையில் கொஞ்சம் கரைந்திருக்கும், ஒரு குளவி ஆப்பிளில் துளை போட்டுக்கொண்டிருக்கும். காசு போட்டு ஒரு பழம் எடுத்துக்கொண்டு நிதானமாக எடுங்கள். நேரம் இருந்தால் பஸ் பிடித்து இன்னும் வடகிழக்கே, ஃபென் என்ற தாழ்நிலத்துக்குப் போய்வாருங்கள். சுவாஃபம் ப்ரையரில் ஒரே முற்றத்தில் இரண்டு தேவாலயங்கள் நிற்கின்றன. அதைத் தாண்டினால் வடிகால் வெட்டி மீட்ட, மக்கிய செடிகொடிகளாலான கரிசல் நிறப் புல்கரி மண், நேர்கோடாக ஓடும் வாய்க்கால்கள், மரமே இல்லாத வானம். அங்கே இலையுதிர்காலம் என்பது சர்க்கரை எடுக்கப் பயிரிடும் பீட்ரூட் இனக் கிழங்கின் (சுகர் பீட்) அறுவடை. வயலோரம் ஆள் உயரத்துக்கு மேல் குவித்த கிழங்கு, சாலையெல்லாம் டிராக்டர் சேறு, ஏருக்குப் பின்னால் புழு பொறுக்கும் வெள்ளைக் கடற்பறவைகள். தெளிவான நாளில் தூரத்தில் ஈலி பேராலயம் கப்பல் போல நிற்கும். ஒரு மஞ்சள் இலை இல்லாமலே இலையுதிர்காலத்தை எடுக்க முடியும் என்று நான் தெரிந்துகொண்டது அங்கேதான்.

ஆட்களை எடுப்பது பற்றித் தயக்கம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். பொது இடத்தில் நின்று பொது இடத்தில் இருப்பவர்களைப் படம் எடுக்க இங்கிலாந்தில் பொதுவாகச் சட்டத் தடை இல்லை. ஆனால் கல்லூரி வளாகங்கள் தனியார் இடம். அங்கே அவர்கள் விதிதான். ட்ரைபாட் வைப்பதற்கும் விற்பதற்காக எடுப்பதற்கும் முன்பே அனுமதி கேளுங்கள். வயல் நடுவே போகும் பொது நடைபாதையில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அதைவிட்டு இறங்கினால் அடுத்தவர் நிலம். சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் எடுப்பதில்லை என்பது என் சொந்த வரம்பு. பள்ளி வாசலில் கேமராவைத் தூக்குவதில்லை. குழந்தை என்றால் பெற்றவரைக் கேட்டுவிடுவேன். தெருவில் படுத்திருப்பவர்களை எடுப்பதில்லை. போர் நினைவு ஞாயிறு, அதாவது நவம்பரின் இரண்டாவது ஞாயிறு, கிராமத்து நினைவுக் கல்லைச் சுற்றிப் பத்து இருபது பேர் நினைவின் அடையாளமான சிவப்புப் பாப்பி பூ குத்தி நிற்பார்கள். அந்த இரண்டு நிமிட மௌனத்தில் ஷட்டர் சத்தம் கேட்கக் கூடாது. எல்லோரும் கலைந்த பிறகு, ஈரக் கல்லில் சாய்த்து வைத்த சிவப்பு மலர்வளையம் அங்கேயேதான் இருக்கும்.

கடைசியாக லென்ஸ். வாங்க வேண்டாம், 35 எம்எம் போதும். அந்தப் பணத்தில் விரல்நுனி திறந்து மூடும் கையுறை ஒன்று வாங்குங்கள், ஒரு மாற்று பேட்டரி வாங்கிச் சட்டையின் உட்பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். விடியலில் எடுத்துவிட்டு நேரே காபிக் கடைக்குள் நுழைந்தால் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும். ஒரு தடவை இப்படி நடந்து, அடுத்த முக்கால் மணி நேரம், ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில் போய்க்கொண்டிருக்க, நான் துணியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகும் முன் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள், கால் மணி நேரம் திறக்காதீர்கள். இந்தச் சனிக்கிழமை மேகமில்லாமல் காற்றில்லாமல் இருந்தால் ஆறே முக்காலுக்கு அந்தப் பாலத்துக்குப் போய்விடுங்கள். மாடுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, நேற்றுப் பார்த்தேன்.